ஹியூ கெய்ர்ன்ஸ்

சர் ஹியூ வில்லியம் பெல் கெய்ர்ன்ஸ் (ஜூன் 26, 1896 - ஜூலை 18, 1952) ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் ஆவார். பந்தய வீரர்கள் மட்டுமே அணிந்துவந்த தலைக்கவசம் பொதுச் சாலைக்கு வருவதற்கு இவரது ஆய்வுகள் முக்கிய காரணமாயின.

வாழ்க்கைச் சுருக்கம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ என்னும் ஊரில் பிறந்தார். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, முதலாம் உலகப் போரில் படை மருத்துவப் பிரிவில் பணிபுரிந்தார். பின்னர் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். 1926-27ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றார். 1937ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் முதல் நஃபீல்டு அறுவை மருத்துவப் பேராசிரியரானார்.

தலைக்கவச ஆய்வு

மான் தீவு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 1914லேயே தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. எரிக் கார்ட்னர் என்ற மருத்துவர் கித்தான் துணியாலும் அரக்காலும் அதனை உருவாக்கினார். எனினும் சாலையில் செல்வோர் அதனை அணியவில்லை. 1935 மே மாதம் "அரேபியாவின் லாரன்ஸ்" எனப்படும் டி. ஈ. லாரன்ஸ், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் கெய்ர்ன்சும் ஒருவர். லாரன்ஸ் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோரும் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றோருமாக 2,279 பேர் இறந்ததை 1941ல் வெளியிட்ட கட்டுரையில் இவர் சுட்டிக்காட்டினார். தலைக்கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்களாக இவர் கண்டது ஏழு பேரை மட்டுமே; அவர்கள் அனைவரும் உயிர் பிழைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானியத் தரைப்படை தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் இறப்புகள் குறைந்ததை 1946ல் மற்றொரு கட்டுரையில் இவர் காட்டினார். ஆக்ஸ்போர்டில் இவருடன் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோல்போர்ன், தலை திடீரெனச் சுழல்வதே மூளைச் சேதத்திற்கு முக்கிய காரணம் என விளக்கினார்.

மறைவும் தாக்கமும்

கெய்ர்ன்ஸ் புற்றுநோயால் ஆக்ஸ்போர்டில் காலமானார். அதே 1952ல் கிராண்ட் பிரீ கார் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பிரித்தானியச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு 1973ல்தான் அச்சட்டம் வந்தது.

தலைக்கவசம் கழுத்தைக் காப்பதில்லை. மோதலின்போது இருக்கைப் பட்டை உடலை நிறுத்திவிட, தலை மட்டும் முன்னோக்கி வீசப்படுவதால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. இதனைத் தடுக்க 1980களில் ராபர்ட் ஹப்பார்டு உருவாக்கிய "ஹான்ஸ்" கருவி, தோள்மேல் அமர்ந்து வார்களால் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2003 முதல் பார்முலா 1 பந்தயங்களில் இது கட்டாயம்.

தமிழ்நாட்டில்

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்தில் தலைக்கவசமின்றி எவரும் போட்டியில் இறங்க இயலாது. தாம்பரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர ஊர்தி ஓட்டுவோருக்கும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதனையே விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2007லும், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2015 ஜூலையிலும் இவ்விதி வலியுறுத்தப்பட்டது. கெய்ர்ன்ஸ் வாதிட்டது இதற்காகவே.