கரண்டியும் சோதனைக்குழாயும்

சமையல் ஒரு கலையா, அறிவியலா? எங்கள் விடுதியில் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டால் போதும், விடிய விடியப் பட்டிமன்றம்தான். வேதியியல் மாணவன் என்பதால் நான் எப்போதும் அறிவியல் அணியில்தான் நிற்பேன். கடந்த ஆண்டு ஒரு பாடக்கட்டுரைக்காக கிகுனாயே இக்கேடா என்ற ஜப்பானிய அறிஞரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் என் கட்சி ஆட்டம் கண்டது. அவரைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நான்காம் படிவத்தில் படித்தபோது, அம்மா குழம்பில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைப் போடுவதைப் பார்த்தேன். அது விஷம் என்று எங்கோ கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, விருந்தினர் முன்னிலையிலேயே அம்மாவைக் கடிந்துகொண்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பாக்கெட் அடுப்படியில் இல்லை. அந்தத் தூளைக் கண்டுபிடித்தவர்தான் இக்கேடா.

இக்கேடா 1864-ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் பிறந்தார். 1889-இல் தோக்கியோவில் வேதியியல் பட்டம் பெற்றார். 1899-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டிடம் ஆய்வு செய்தார். நாடு திரும்பும் வழியில், 1901-இல் லண்டனில் தங்கினார். அதே விடுதி வீட்டில் இருந்தவர் நட்சுமே சொசெக்கி. அவர் பின்னாளில் ஜப்பானின் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆனார். வேதியியல் படித்தவரும் இலக்கியம் படித்தவரும் நெடுநேரம் உரையாடினார்கள். இலக்கியத்திலும் மெய்யியலிலும் இக்கேடாவுக்கு இருந்த ஆழமான படிப்பைக் கண்டு சொசெக்கி வியந்துபோனார். இலக்கியத்தை அறிவியல்போல் முறையாக ஆராய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட இந்த நட்பும் ஒரு காரணம்.

தாயகம் திரும்பிய இக்கேடா, தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1907-இல் அவருடைய மனைவி ஒரு கட்டு 'கொம்பு' வாங்கி வந்தார். கொம்பு என்பது ஒருவகைக் கடற்பாசி. அதைக் கொண்டு எடுக்கும் 'தாஷி' என்ற சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம். நம் குழம்புக்குப் புளிக்கரைசல் எப்படியோ, அப்படி. அந்தச் சாற்றின் சுவைக்கு எது காரணம் என்ற கேள்வி இக்கேடாவைப் பற்றிக்கொண்டது. மேலைநாட்டு நூல்கள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என நான்கு சுவைகளையே கூறின. தாஷியின் சுவை அவற்றில் எதிலும் அடங்கவில்லை. நம் அறுசுவைப் பட்டியலிலும் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. ஆனால் தக்காளி, பாலாடைக்கட்டி, இறைச்சி ஆகியவற்றிலும் அதே சுவை ஒளிந்திருப்பதை அவருடைய நாக்கு கண்டுகொண்டது.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது, ஆய்வைக் கைவிட்டார். நல்ல சுவை செரிமானத்துக்கு உதவும் என்ற கருத்தை ஒரு மருத்துவரின் கட்டுரையில் படித்த பிறகு மீண்டும் தொடங்கினார். சாற்றிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுவைத்துப் பார்த்தார். 1908-இல் சுமார் 12 கிலோ கொம்பிலிருந்து கிடைத்தது சுமார் 30 கிராம் குளுட்டாமிக் அமிலம். இது புதிய பொருளன்று. 1866-இலேயே ரிட்ஹௌசன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் புரதத்திலிருந்து இதைப் பிரித்திருந்தார். ஆனால் தாஷியின் சுவைக்கு இதுதான் காரணம் என்று கண்டவர் இக்கேடாவே. அமிலத்தைச் சோடியம் உப்பாக மாற்றியபோது சுவை தெளிவாக வெளிப்பட்டது. அச்சுவைக்குத் தம் தாய்மொழியிலேயே 'உமாமி' என்று பெயர் சூட்டினார். இன்று உலக மொழிகள் பலவும் அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளன.

அதே ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1909-இல் சுசுக்கி சபுரோசுக்கே என்ற தொழிலதிபர் அதை 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இக்கேடா 1936-இல் காலமானார்.

அவர் மறைந்த பிறகும் வழக்கு முடியவில்லை. 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த கடிதத்திலிருந்து, சீன உணவகத்தில் சாப்பிட்டால் உடல்நலம் கெடும் என்ற பேச்சு பரவியது. பழி இந்த உப்பின்மேல் விழுந்தது. வழக்கமாக உணவில் சேர்க்கும் அளவு கேடு தரும் என்பதைப் பின்னர் நடந்த முறையான சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. உமாமி தனிச்சுவைதானா என்ற ஐயமும் நெடுநாள் நீடித்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, நாக்கில் அதனை உணரும் ஏற்பிகள் கண்டறியப்பட்ட பின்னரே அந்த ஐயம் நீங்கியது. 1909-இல் ஜப்பானிய மொழியில் வந்த இக்கேடாவின் கட்டுரையின் ஒரு பகுதி ஆங்கில மொழிபெயர்ப்பாக 2002-இல் வெளிவந்தது.

நண்பர்களே, இப்போது பட்டிமன்றத்துக்கு வருவோம். தாஷி ஏன் சுவைக்கிறது என்பதை இக்கேடாவின் ஆய்வுக்கூடம் சொன்னது. அதைச் சுவையாகக் காய்ச்சத் தெரிந்தவர்களோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அடுப்படியில் இருந்தார்கள். அந்தத் தூளை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் ருசிக்காது. அளவு மீறினால் குழம்பும் கெடும். எதில், எப்போது, எவ்வளவு என்பதைச் சமைப்பவரின் கைதான் சொல்ல வேண்டும். இக்கேடாவுக்கும் வழிகாட்டியது முதலில் அவருடைய நாக்குதான்.

கடந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். இரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்த அம்மா சிரித்தார். தக்காளியிலும் நெத்திலியிலும் அதே சுவை இருக்கிறது என்றேன். அது தெரிந்துதான் இத்தனை நாளும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வந்ததாகச் சொன்னார். எத்தனை கிராம் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பக்கத்தில் நின்று அம்மாவின் கையைக் கவனித்தேன்.