பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்

சனிக்கிழமை சாயங்காலம் ஃபுட்சால் ஆட நம்ம பசங்க பத்துப் பேர் கூடினால், அதில் கண்டிப்பா ஒருத்தன் இருப்பான். பந்து காலுக்கு வந்துட்டால் யாருக்கும் கொடுக்க மாட்டான். நல்லாத்தான் ஆடுவான், ஆனா அடுத்த வாரம் அவனைக் கூப்பிட யோசிப்போம். வேலைக்குப் போனால் அதே ஆளை ஆபீசிலும் பார்க்கலாம். அப்படிப்பட்டவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹாக்கி வீரர் தியான் சந்த் ஞாபகம்தான் வரும். அவர் இதற்கு நேர் எதிர்.

1905 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்ததால் ஊர் ஊராக இடமாற்றம், படிப்பு பாதியில் நின்றுபோனது. 1922-இல் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அதுவரைக்கும் ஹாக்கி மேல் பெரிய ஆசையெல்லாம் இல்லை, மல்யுத்தம்தான் பிடிக்கும். படைப்பிரிவில் இருந்த மூத்த அதிகாரி ஒருவர்தான் கையில் மட்டையைக் கொடுத்துச் சொல்லித்தந்தார். பகலில் பணி. அதனால் ராத்திரி நிலா வெளிச்சத்தில் பயிற்சி. இயற்பெயர் தியான் சிங். நிலாவுக்காகக் காத்திருந்ததால் நண்பர்கள் 'சந்த்' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள்.

1926-இல் ராணுவ அணியோடு நியூசிலாந்து போனார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் பதவி ஒரு படி உயர்ந்தது, ஒரே ஒரு படிதான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 5 ஆட்டங்களில் 14 கோல் போட்டுத் தங்கத்தோடு வந்தவருக்கு, அடுத்த ஒலிம்பிக் நெருங்கியபோது தேர்வுப் போட்டியில் ஆட லீவு கூடக் கிடைக்கவில்லை! படைப்பிரிவு மறுத்துவிட்டது. சங்கம் அவரைத் தேர்வு இல்லாமலேயே அணியில் சேர்த்துக்கொண்டது. மேலதிகாரி லீவு தரலைன்னு புலம்பும் தம்பி தங்கச்சிகள் இதைக் கவனிக்கணும்.

1932 லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் அதிக கோல் போட்டது தியான் சந்த் இல்லை, அவருடைய தம்பி ரூப் சிங். தம்பி 10, அண்ணன் 8. தியான் சந்த் நடு முன்கள ஆட்டக்காரர். எல்லாப் பந்தும் அவர் வழியாகத்தான் போகும். நினைத்திருந்தால் தானே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவன் இன்னும் நல்ல இடத்தில் நின்றால், கோல் முன்னால் நிற்கும்போதும் பந்தை அவனுக்குத் தள்ளிவிடுவார். அணியில் பட்டதாரிகள் இருந்தார்கள், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள். இவரோ அதிகம் படிக்காத சிப்பாய். பந்தைக் கொடுக்கும்போது அதையெல்லாம் அவர் பார்த்ததில்லை.

1936 பெர்லினுக்கு அவரே கேப்டன். ஹிட்லர் அவரை ஜெர்மன் ராணுவத்துக்குக் கூப்பிட்டார் என்ற கதையை நாம எல்லாரும் வாட்ஸ்அப்பில் படித்திருப்போம். அதுக்கு ஆதாரம் கிடையாது, விட்டுடுவோம். அந்த ஒலிம்பிக்கில் நிஜமாக நடந்தது அதைவிடப் பெரிய விஷயம்.

போட்டி தொடங்குவதற்கு முன் பெர்லினில் ஒரு பயிற்சி ஆட்டம். ஜெர்மனி 4-1 என்று இந்தியாவை அடித்துவிட்டது. இரண்டு முறை தங்கம் வாங்கிய அணி, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் கேப்டன், இப்படியொரு தோல்வி. தியான் சந்த் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. முன்வரிசையில் வலது பக்கம் ஓட்டை இருப்பது தெரிந்துபோனது. நானே இன்னும் நாலு கோல் போட்டுச் சமாளிக்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. இந்தியாவுக்குத் தந்தி அடித்து, தாரா என்ற ஆட்டக்காரரை உடனே அனுப்பச் சொன்னார்கள். தாரா விமானத்தில் வந்து சேர்ந்தார். அரையிறுதியில் பிரான்ஸை 10-0.

இதை நம்மில் எத்தனை பேர் செய்வோம்? டீம் லீடர் ஆன பிறகு, இந்த இடத்தில் நாங்க வீக், ஆள் வேணும் என்று மேலே போய்ச் சொல்ல வாய் வராது. திறமை இல்லைன்னு நினைச்சிடுவாங்களோ என்ற பயம். தியான் சந்துக்கும் அந்தப் பயம் இருந்திருக்கலாம். அணித்தலைவராக அது அவருடைய முதல் ஒலிம்பிக்.

மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. மீண்டும் அதே ஜெர்மனி. மைதானம் ஈரம். இடைவேளை வரை ஒரே ஒரு கோல்தான். இரண்டாம் பாதியில் தியான் சந்த் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார். இறுதிக் கணக்கு 8-1.

அதன் பிறகு போர் வந்து இரண்டு ஒலிம்பிக்கை விழுங்கியது. ராணுவத்தில் மெதுவாக மேலே வந்து, 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார். சிப்பாயாக நுழைந்தவருக்கு அது சின்ன உயர்வு இல்லை. அதே வருஷம் பத்ம பூஷண். ஆனால் பந்தைக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துடும் என்று நான் சொல்ல வரல. கடைசிக் காலத்தில் கையில் பணம் இல்லை. டெல்லி மருத்துவமனையில் பொது வார்டில் படுத்திருந்தார். 1979 டிசம்பர் 3-ஆம் தேதி இறந்தார். ஜான்சியில், அவர் ஆடிப் பழகிய மைதானத்திலேயே தகனம் நடந்தது. இன்று அவர் பிறந்தநாளைத்தான் இந்தியா தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது.

ஹாக்கியால் சோறு கிடைக்காது என்று தெரிந்ததால், பிள்ளைகள் மட்டையைத் தொடுவதை அவர் பெரிதாக ஊக்குவிக்கவில்லை. மகன் அசோக் குமார் கேட்கவில்லை. 1975-இல் உலகக் கிண்ண ஹாக்கி நம்ம கோலாலம்பூரில் நடந்தது. அரையிறுதியில் இந்தியா நம்மை 3-2 என்று தோற்கடித்தது. அன்றைக்குப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் இன்னும் பெருமூச்சு விடுவார்கள். மார்ச் 15-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் பாகிஸ்தானோடு இறுதி ஆட்டம். ஆட்டம் 1-1 என்று நின்றபோது வெற்றி கோலைப் போட்டது அந்த அசோக் குமார்தான்.