பிறரின் அநீதியையும் தன் அநீதியையும் கண்டவர்: மால்கம் எக்ஸ்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



அநீதி என்று சொன்னால் கொலை, கொள்ளை, போர் என்று பெரிய விஷயங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அன்றாடம் நம்மைச் சுற்றி நடக்கும் அநீதி அவ்வளவு சத்தம் போடுவதில்லை. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் சொல்லும் சொல், மணமகள் தேவை விளம்பரத்தில் ஒரு வரி, செய்தியில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி என்று அது வருகிறது. தினமும் பார்ப்பதால் நமக்குப் பழகிப் போகிறது.

சூரத்துன் நிஸாவின் 135-வது வசனத்தில் அல்லாஹ் நம்மை நீதியில் உறுதியாக நிற்கச் சொல்கிறான். நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சாட்சியத்தை நேராகச் சொல்லும்படி கட்டளையிடுகிறான். ஒரு காரியத்தைப் பார்க்காதவர் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. அப்படியென்றால் அநீதியைக் கண்டுகொள்வதும் ஒரு முஃமினுடைய கடமைதான்.

அப்படிக் கண்டுகொள்ளக் கற்ற ஒரு மனிதருடைய வாழ்க்கையை இன்று பார்ப்போம். உலகம் அவரை மால்கம் எக்ஸ் என்று அறியும். அவர் மரணிக்கும்போது வைத்திருந்த பெயர் அல்ஹாஜ் மாலிக் அல்ஷாபாஸ்.

ஒரே ஒரு பத்தி

1925-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் ஒரு கிறிஸ்தவப் போதகர். கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்று பேசியவர். அதனால் வெள்ளை இனவெறியர்களின் மிரட்டலுக்கு ஆளானவர். 1929-இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் அவர்களுடைய வீடு எரிந்தது. 1931-இல் தந்தை ட்ராம் தண்டவாளத்தில் அடிபட்டு இறந்தார். அதிகாரிகள் விபத்து என்று எழுதினார்கள். இனவெறியர்கள் செய்த கொலை என்றே குடும்பம் நம்பியது. மால்கமுக்கு அப்போது ஆறு வயது.

வறுமையும் தனிமையும் சேர்ந்து தாயின் மனநிலையைப் பாதித்தன. 1939-இல் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏறத்தாழ 24 ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குச் சிதறிப் போனார்கள்.

மால்கம் நன்றாகப் படித்தார். வெள்ளையர் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அவரையே மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வரலாற்றுப் பாடநூலில் கறுப்பின மக்களைப் பற்றி இருந்தது ஒரே ஒரு பத்தி. அதையும் ஆசிரியர் சிரித்துக்கொண்டே நடத்திவிட்டுப் போனார். இன்னோர் ஆசிரியர், எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறாய் என்று அவரிடம் கேட்டார். வழக்கறிஞராக வேண்டும் என்றார் மால்கம். உன் இனத்துக்கு அது நடக்கிற காரியமல்ல, தச்சு வேலைக்குப் போ என்று அந்த ஆசிரியர் அறிவுரை சொன்னார். மால்கமைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வெள்ளை மாணவர்களின் ஆசைகளுக்கு அதே ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார்.

அந்த ஆசிரியர் மால்கமை வெறுத்தவர் அல்ல. அவருக்கு நல்லது சொல்வதாகவே நினைத்தார். பழகிப்போன அநீதி அப்படித்தான், நல்லெண்ணத்தோடும் வரும். எட்டாம் வகுப்போடு மால்கமின் பள்ளிப் படிப்பு முடிந்தது.

கண்ணாடியில் தெரிந்த அநீதி

சகோதரர்களே! அநீதிக்கு உள்ளானவரும் பல நேரம் அதைத் தனக்குள் ஏற்றுக்கொண்டு விடுகிறார். மால்கமின் தாயினுடைய தந்தை ஒரு வெள்ளையர். அதனால் பிள்ளைகளில் மால்கமுக்குக் கொஞ்சம் வெளிர் நிறம். இனப் பெருமை பேசிய தந்தையே, தன்னையும் அறியாமல், நிறம் வெளுத்த இந்தப் பிள்ளையிடம் கூடுதல் பிரியம் காட்டினார் என்று மால்கம் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். தாயோ அதே நிறத்தின் காரணமாக அவரிடம் கூடுதல் கண்டிப்பு காட்டினார்.

பாஸ்டன் நகருக்குப் போன இளைஞர் மால்கம், சுருண்ட முடியை வெள்ளையர் முடிபோல நேராக்க ஆசைப்பட்டார். காஸ்டிக் சோடா கலந்த பசையைத் தலையில் தடவினார்கள். தலைத்தோல் எரிந்தது. பொறுத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்தார். அல்லாஹ் தந்த உருவத்தை இழிவாக நினைத்து, தன்னைத் தானே தாழ்த்திக்கொண்ட செயல் அது என்று பின்னாளில் வெட்கப்பட்டார்.

பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. போதைப்பொருள், சூதாட்டம், திருட்டு. 1946-இல் வீடு புகுந்து திருடிய வழக்கில் எட்டு முதல் பத்து ஆண்டுகள் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு 21 வயதுகூட ஆகவில்லை.

சிறையில்தான் அவருடைய கண் திறந்தது. அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிப் படித்தார். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு, வெளித் தாழ்வாரத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் படித்தார். காவலர் வரும் சத்தம் கேட்டால் படுக்கையில் கண்ணை மூடிக்கொள்வார். அவர் போனதும் மீண்டும் புத்தகம். பள்ளியில் ஒரே பத்தியில் முடித்துவிட்ட வரலாறு எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் தெரிந்தது.

பாதி உண்மையின் ஆபத்து

அங்கேதான் உடன்பிறந்தவர்கள் வழியாக எலிஜா முஹம்மது என்பவர் நடத்திய நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கம் அவருக்கு அறிமுகமானது. இதை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயரில் இஸ்லாம் இருந்தாலும், அந்த இயக்கத்தின் கொள்கை இஸ்லாமியக் கொள்கை அல்ல. ஒரு மனிதரை இறைவன் என்றார்கள். எலிஜாவைத் தூதர் என்றார்கள். வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்றார்கள். தவ்ஹீதுக்கும் ரிஸாலத்துக்கும் இது நேர் எதிரானது.

ஆனாலும் அந்த இயக்கம் அவரை மதுவிலிருந்தும் திருட்டிலிருந்தும் வெளியே கொண்டு வந்தது. 1952-இல் சிறையிலிருந்து வெளியே வந்தார். அடிமைகளின் எஜமானர்கள் சூட்டிய லிட்டில் என்ற குடும்பப் பெயரை விட்டார். தொலைந்துபோன முன்னோரின் பெயருக்கு அடையாளமாக எக்ஸ் என்று வைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் நாடறிந்த பேச்சாளரானார்.

1957-இல் ஹார்லெமில் காவல்துறை ஒரு கறுப்பினத்தவரைத் தலையில் அடித்துக் காயப்படுத்தி நிலையத்தில் அடைத்து வைத்திருந்தது. மால்கம் தன் ஆட்களோடு போய் நின்றார். அவருக்கு மருத்துவம் கிடைக்கும்வரை நகரவில்லை. கிடைத்த பிறகு ஒரு கைச்சைகையில் கூட்டத்தைக் கலைத்தார். ஒரு கல்லும் விழவில்லை.

பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் அவர் கூர்ந்து கவனித்தார். 1959-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் அவர்களுடைய இயக்கத்தை வெறுப்பின் பிள்ளை என்ற கருத்தில் நாட்டுக்கு அறிமுகம் செய்தது. அடித்தவரைப் பற்றிப் பேசாமல், அடிபட்டவருடைய கோபத்தை மட்டும் ஊடகம் படம் பிடிக்கிறது என்பதை மால்கம் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். கவனமாக இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவரையே நாம் வெறுக்கவும், பாதிப்பை உண்டாக்கியவரை நேசிக்கவும் ஊடகம் கற்றுக்கொடுத்துவிடும் என்று எச்சரித்தார்.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் ஒன்று தெரியாமல் இருந்தது. அவருடைய கல்லூரிச் சொற்பொழிவைக் கேட்ட ஒரு வெள்ளை இன மாணவி, அவரைத் தேடி ஹார்லெம் உணவகம்வரை வந்தாள். உங்கள் மக்களுக்காக நான் என்ன செய்யலாம் என்று கேட்டாள். எதுவும் செய்ய முடியாது என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அவள் அழுதுகொண்டே போனாள். நிறத்தைப் பார்த்து ஆசிரியர் அவருடைய வாழ்க்கைக்கு ஒரு கதவை அடைத்தார். அதே நிறத்தைப் பார்த்து அவரும் இன்னொருவருக்குக் கதவை அடைத்தார்.

ஹஜ் காட்டியது

1964 மார்ச்சில் அவர் அந்த இயக்கத்திலிருந்து வெளியேறினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஜித்தாவில் இவர் முஸ்லிம்தானா என்ற ஐயம் எழுந்ததால் அவரை நிறுத்தி வைத்தார்கள். இத்தனை ஆண்டு மேடையில் முழங்கியவருக்குத் தொழுகையின் நிலைகள்கூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அப்போது அவருக்கு உதவ வந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம். அரபு லீக்கின் முதல் பொதுச் செயலாளராக இருந்த எகிப்தியர். அமெரிக்காவில் பார்த்தால் அவரை வெள்ளையர் என்றே சொல்லியிருப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு கறுப்பினத்தவருக்காகத் தன் ஓட்டல் அறையையே விட்டுக்கொடுத்தார். அதற்கு அவருக்கு எந்த லாபமும் இல்லை. அன்று காலை முதல் தன் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதாக மால்கம் சொல்கிறார்.

பிறகு இஹ்ராம் உடையில் தவாஃப், அரஃபா, மினா. நீலக் கண்ணும் வெள்ளைத் தோலும் உள்ளவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டார், ஒரே விரிப்பில் உறங்கினார், ஒரே இறைவனுக்கு முன் நின்றார். கேடு தோலில் இல்லை, மனிதர் அந்தத் தோலுக்குக் கொடுக்கும் மதிப்பில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். இதை மறைக்கவில்லை. மக்காவிலிருந்தே கடிதம் எழுதி, தன் பழைய கருத்தைக் கைவிட்டதை உலகத்துக்கு அறிவித்தார். அந்த மாணவியிடம் சொன்ன பதிலை நினைத்துப் பின்னாளில் வருந்தினார்.

கண்ணியமானவர்களே! இதைக் கேட்டு நாம் பெருமைப்பட்டுக்கொண்டு போய்விடக் கூடாது. மால்கம் ஹஜ் செய்த அந்த மண்ணில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1962-இல்தான், அவர் வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு. மார்க்கம் தந்த சமத்துவம் வேறு, முஸ்லிம்கள் அதை நடைமுறைப்படுத்தும் அளவு வேறு.

மரணமும் அதற்குப் பிறகும்

நாடு திரும்பிய பின்பும் கறுப்பின மக்களின் உரிமைக்காக உரக்கப் பேசினார். ஆனால் இனி எந்த இனத்தையும் மொத்தமாகச் சபிக்கவில்லை. 1965 பிப்ரவரி 14 அன்று மனைவி, மக்களோடு உறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வீட்டில் தீக்குண்டு வீசினார்கள். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் மேடையில் ஸலாம் சொல்லிப் பேச எழுந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. கருவிலிருந்த இரட்டைப் பெண் குழந்தைகள் தந்தையைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கொலை வழக்கிலும் அநீதி நுழைந்தது. மூவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். அவர்களில் இருவர் குற்றமற்றவர்கள் என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அவர்களுக்குச் சாதகமான ஆதாரங்களைப் புலனாய்வுத் துறையும் காவல்துறையும் மறைத்திருந்தன. இருவரும் சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கழித்தார்கள். தீர்ப்பு வந்தபோது ஒருவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம்முடைய கண்

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அவ்வளவு உயர்ந்த ஸஹாபியிடமே அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது என்றால், நம் நிலை என்ன?

ஒரு முஸ்லிம் தவறு செய்தால் செய்தியில் மதத்தின் பெயரைச் சேர்த்துப் போடுகிறார்கள், மற்றவர் செய்தால் வெறும் பெயரோடு நிறுத்துகிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். நியாயமான வருத்தம்தான். ஆனால் வட மாநிலத் தொழிலாளி ஒருவர் திருடினார் என்று ஒரு வீடியோ வந்தால், இவர்களே இப்படித்தான் என்று எழுதி நாமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே! அந்தத் தொழிலாளிகளில் எத்தனை பேர் நம் பின்னால் ஸஃப்பில் நின்று ஜும்ஆ தொழுகிறார்கள்! நமக்குச் செய்யப்படும் அநீதி தெரிகிறது. நாம் செய்வது தெரியவில்லை.

1975 முதல் விற்பனையான ஃபேர் அண்ட் லவ்லி என்ற க்ரீம், நிற பேதத்துக்கு எதிராக உலகமெங்கும் எழுந்த குரலுக்குப் பிறகு 2020-இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்கப் போகும்போது பொண்ணு நல்ல நிறமா என்று கேட்கும் நம் நாக்கு மாறிவிட்டதா? புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரை மேடையில் கட்டித் தழுவுகிறோம். அவருடைய மகனுக்குப் பெண் கொடுக்கச் சொன்னால் குடும்பம், பாரம்பரியம் என்று தயங்குகிறோம். பள்ளிவாசலைக் கூட்டிய கறுப்பினப் பெண்மணியைக் காணவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் அவருடைய கப்ருக்கே போய்த் தொழுதார்கள். நம் பள்ளியின் கழிவறையைச் சுத்தம் செய்பவர் ஒரு வாரம் வராவிட்டால் நாம் எதை விசாரிக்கிறோம், அவரையா, வேலையையா?

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். ஒரு செய்தியை அனுப்பும் முன், ஒரு கேலிக்குச் சிரிக்கும் முன், ஒரு சம்பந்தத்தை மறுக்கும் முன், இதில் யாருக்காவது அநீதி இருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்ப்போம். இருந்தால் விட்டுவிடுவோம். ஏற்கனவே செய்திருந்தால் உரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்போம். மால்கம் உலகத்துக்கு முன்னால் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நாம் ஒரு மனிதர் முன்னாலாவது மாற்றிக்கொள்ளலாமே!

யா அல்லாஹ்! பிறர் செய்யும் அநீதியைக் காணும் கண்ணையும், நாங்கள் செய்யும் அநீதியை அதற்கு முன்பே காணும் கண்ணையும் எங்களுக்குத் தருவாயாக. நீதியின் சாட்சிகளாக எங்களை ஆக்குவாயாக. உன் அடியார் மாலிக் ஷாபாஸின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரைப் பிரகாசமாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.