கணக்கால் உடலைக் கண்ட அறிஞர்

உடலை அறுக்காமலே அதன் உட்புறத்தைக் காட்டும் ஸ்கேன் கருவிகள் இன்று பலரும் அறிந்தவை. சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் போன்ற நகரங்களின் மருத்துவமனைகளுக்குத் தோட்டப்புறங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். ஸ்கேன் கருவி அளந்து தருவது எண்களை மட்டுமே. அவற்றைப் படமாக்குவது கணிதம். அந்தக் கணிதத்தை எளிதாக்கி விரைவுபடுத்தியவர்களுள் ஒருவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பயின்ற பின், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் அவரை இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1952இல், முப்பது வயது நிறைவதற்குள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதம், முப்புரிக் கயிறுபோல் முறுக்கிய அமைப்புடையது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் கண்டனர். ஆனால், அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று மேலைநாட்டு அறிஞர்கள் குறை கூறினர். இராமச்சந்திரன் மனம் தளரவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்க முடியும் என்பதையே ஆராய்ந்தார். அதன் பயனாக, புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் வளையக்கூடும் என்று காட்டும் வரைபடம் 1963இல் வெளிவந்தது. ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்னும் அதனைக் கொண்டே, காந்த அதிர்வு முறையில் கண்டறியப்படும் புரத அமைப்புகளும் இன்று சரிபார்க்கப்படுகின்றன.

அவருடைய மற்றொரு சாதனையை ஓர் உவமையால் விளக்கலாம். பால்மரத் தோட்டத்தில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் முன்மரம் பின்மரத்தை மறைக்கும். சுற்றிவந்து பல கோணங்களிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று கணக்கிட முடியும். ஊடுகதிர் நிழல்களிலிருந்து உடலின் உட்புறத்தை அறிவதும் இவ்வாறே. ஆனால், அதற்கு ஃபூரியர் உருமாற்றம் என்னும் நீண்ட கணக்கைப் போட வேண்டியிருந்தது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை.

1971இல் இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் குறுக்குவழி ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு நிழலையும் முதலில் கூர்மையாக்கி, அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினால் போதும். படம் விரைவாகவும் துல்லியமாகவும் கிடைக்கும். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிட்டில் ஆகியோர் 1967இலேயே இதையொத்த முறையைக் கண்டிருந்தனர். எனினும், சி.டி. ஸ்கேன் துறையில் இந்த இந்திய ஆய்வு பெரிதும் பயன்பட்டது.

1973இல் பால் லாட்டர்பர் எம்.ஆர்.ஐ. படத்தை முதன்முதலில் வெளியிட்டபோது, அவரும் பல கோணங்களில் பெற்ற அளவுகளையே இணைத்தார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நோயாளி நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வலியால் துடிப்பவருக்கும் சிறு குழந்தைக்கும் அது கடினம். அதனால், இன்று குறைவாக அளந்து, விடுபட்டதைக் கணினி மாதிரிகளால் நிரப்பி நேரத்தைச் சுருக்குகின்றனர்.

இராமச்சந்திரன் 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். விலையுயர்ந்த கருவிகள் குறைவாக இருந்த சூழலிலும், தாளும் கணக்கும் கொண்டு அவர் கண்ட வழிகள் உலகெங்கும் நோயாளிகளுக்குப் பயன் தருகின்றன.