பத்துக்கு ஒன்று!
(குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் பிராடாக்கின் கதை)



போன மாதம் நம்ம பள்ளிக் கபடிப் போட்டிக்கு முதல் நாள், எந்த வகுப்பு ஜெயிக்கும் என்று நான் கரும்பலகையில் எழுதி வைத்தேன். எழுதியது அத்தனையும் தப்பாகப் போனது! அன்றைக்கு எல்லாரும் என்னைக் கிண்டல் செய்தபோது பி.டி. சார்தான் என்னைக் கூப்பிட்டு, ஒரு நாடே தப்பாகக் கணித்த ஒரு போட்டி இருக்கிறது, போய்ப் படிடா என்று சொன்னார். படித்தேன். அந்தப் போட்டியில் ஜெயித்தவரின் கதைதான் இது.

ஜேம்ஸ் வால்டர் பிராடாக் 1905 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். அயர்லாந்து வம்சாவளி ஏழைக் குடும்பம். வளர்ந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில். 1926-ல் காசுக்குச் சண்டை போடும் தொழில்முறை வீரர் ஆனார். அவருடைய பலமே வலது கைதான். ஓங்கி ஒன்று விட்டால் எதிராளி எழுந்திருக்க மாட்டான் என்கிற மாதிரி அடி.

1929 ஜூலையில் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. அப்போது ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே இருந்த லைட் ஹெவிவெயிட் பிரிவில் டாமி லாக்ரன் என்பவர் சாம்பியன். அவரோடு 15 ரவுண்டு மோதி, புள்ளிக் கணக்கில் பிராடாக் தோற்றார். மூன்றே மாதத்தில், அக்டோபரில், அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஊர் ஊராக வேலை போனது. பிராடாக் சேர்த்து வைத்த பணமும் போனது. அதுக்கு அப்புறம் தோல்வி மேல் தோல்வி. நம்பியிருந்த வலது கை எலும்பு திரும்பத் திரும்ப உடைந்தது. மனைவி மே, மூன்று சின்னக் குழந்தைகள். கை ஆற நேரம் கொடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது, நேரம் கொடுக்காமல் சண்டைக்குப் போனால் மறுபடி கை உடையும். 1933 செப்டம்பரில் ஒரு சண்டையில் கை உடைந்ததோடு அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி வேலைக்குப் போனார். அதுவும் தினம் கிடைக்காது. காலையில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் சிலரை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். வலது கை சரியில்லாததால் கொக்கியை இடது கையில் பிடித்தே மூட்டைகளை இழுத்தார். நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்கு இது படித்தவுடனே புரிந்துவிட்டது. எங்கப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். போன வருஷம் வலது தோள் பிசகியதிலிருந்து இடது தோளில்தான் தூக்குகிறார். இப்போது அவருடைய இடது தோளைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும்.

கூலியும் போதாமல், அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுத்த நிவாரணப் பணத்துக்கு பிராடாக் வரிசையில் நின்றார். பத்திரிகையில் படம் வந்த ஆள் அந்த வரிசையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

1934 ஜூன் 14. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில், மேடிசன் ஸ்கொயர் கார்டன் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. அதற்கு முன்னால் நடக்கும் சின்னச் சண்டை ஒன்றில் கார்ன் கிரிஃபின் என்ற வளரும் வீரருக்கு எதிராக நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிராடாக்கின் மேனேஜர் ஜோ கூல்ட் ஓடி அலைந்து அந்த இடத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். இரண்டே நாள் அவகாசம், சரியான பயிற்சி கிடையாது, கூலி 250 டாலர். அவர் அடி வாங்கத்தான் வருகிறார் என்று எல்லாருக்கும் எண்ணம். மூன்றாவது ரவுண்டில் கிரிஃபின் கதை முடிந்தது!

அதே இரவு, அதே மேடையில் பிரிமோ கார்னெரா என்ற ராட்சத உருவத்தைப் பத்துத் தடவைக்கு மேல் கீழே தள்ளி ஒருவர் உலக சாம்பியன் ஆனார். மேக்ஸ் பேர். (ஆமாம், அவர் பேரே பேர்தான்! சிரிக்காதீங்க.) அன்று அந்த இருவரும் அடுத்த வருஷம் எதிரெதிரே நிற்பார்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிராடாக் 1934 நவம்பரில் ஜான் ஹென்றி லூயிஸை ஜெயித்தார். இவர் முன்பு பிராடாக்கைத் தோற்கடித்தவர். 1935 மார்ச்சில் ஆர்ட் லாஸ்கியை ஜெயித்தார். கையில் கொஞ்சம் பணம் வந்ததும், தான் வாங்கிய நிவாரணப் பணத்தை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார். இதை நான் எங்கப்பாவிடம் சொன்னபோது, கொடுத்தால் அதை வாங்கிக்கொள்வார்களா என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது கணிப்புக்கு வருகிறேன். 1935 ஜூன் 13, மேக்ஸ் பேர் எதிர் ஜேம்ஸ் பிராடாக். பந்தயக்காரர்கள் வைத்த விலை 10-க்கு 1. அதாவது பிராடாக் மேல் 1 டாலர் கட்டி அவர் ஜெயித்தால் 10 டாலர் லாபம். அவர் தோற்பார் என்பதில் அவ்வளவு நம்பிக்கை! காரணமும் இருந்தது. பிராடாக் அதுவரை தோற்ற சண்டைகள் இருபதுக்கும் மேல். வயது 30. பேர் அவரைவிட இளையவர், எடை கூடியவர், அடியில் இடி. 1930-ல் பேரோடு மோதிய ஃபிராங்கி கேம்ப்பெல் என்ற வீரர் இறந்தே போனார். அந்தச் சாவு பேரை வாழ்நாள் முழுக்க வாட்டியது. அவரைக் கொடூரமானவராகக் காட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் சண்டைக்கு முன் பிராடாக்கின் மனைவி என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

கணித்தவர்கள் எதைப் பார்க்கவில்லை? துறைமுகத்தில் உரம் ஏறிய இடது கையை! முன்பு வலதை மட்டும் நம்பிய ஆளுக்கு இப்போது இரண்டு கையும் இருந்தது. பேர் ஒழுங்காகப் பயிற்சி எடுக்காமல் வேடிக்கையாகப் பொழுதைப் போக்கியதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு சங்கதி. அந்த அரங்கில் 1932-ல் ஷ்மெலிங், 1933-ல் ஷார்க்கி, 1934-ல் கார்னெரா என்று வரிசையாக மூன்று சாம்பியன்கள் பட்டத்தை இழந்திருந்தார்கள். இதை ராசி என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை.

மணி அடித்ததும் பேர் கோமாளித்தனம் காட்டினார், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பிராடாக் சிரிக்கவே இல்லை. இடது கையால் தட்டிக்கொண்டே, விலகிக்கொண்டே, ஒவ்வொரு ரவுண்டாகப் புள்ளி சேர்த்தார். பேரின் பெரிய அடிகளும் சில அவர் மேல் விழத்தான் செய்தன. ஆள் விழவில்லை. 15 ரவுண்டும் முடிந்தது. தீர்ப்பு ஒருமனதாக பிராடாக் பக்கம்! பத்திரிகையாளர் டேமன் ரன்யன் அவருக்கு சிண்ட்ரெல்லா மனிதர் என்று பட்டப் பெயர் வைத்தார்.

எங்க கணக்கு சாரிடம் இந்த 10-க்கு 1 பற்றிக் கேட்டேன். 11-ல் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதுக்கு அர்த்தம், வாய்ப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை என்று விளக்கினார். ஆக, விலை வைத்தவர்களைவிட அதைப் படித்தவர்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் போல!

இரண்டு வருஷம் கழித்து, 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜோ லூயிஸோடு மோதல். இந்த முறையும் பிராடாக் தோற்பார் என்றே கணித்தார்கள். முதல் ரவுண்டிலேயே லூயிஸைக் கீழே விழ வைத்தார் பிராடாக்! ஆனால் லூயிஸ் எழுந்துவிட்டார். முகம் கிழிந்து ரத்தம் கொட்டியபோது நிறுத்திவிடலாம் என்று கூல்ட் சொல்லியும் பிராடாக் சம்மதிக்கவில்லை. 8-ஆவது ரவுண்டில் விழுந்தார். இந்தத் தடவை கணிப்பு பலித்தது. லூயிஸ் 1949 வரை சாம்பியனாக இருந்தார். கூல்ட் கெட்டிக்காரர். லூயிஸின் சண்டைகளில் வரும் லாபத்தில் பத்து வருஷத்துக்குப் பங்கு என்று முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தார்.

1938 ஜனவரியில் டாமி ஃபாரை ஜெயித்துவிட்டு பிராடாக் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் வெரசானோ நேரோஸ் பாலம் கட்டும் வேலையிலும் இருந்தார். உலக சாம்பியன் ஆன பிறகும் வேலைக்குப் போனவர்! 1974 நவம்பர் 29 அன்று காலமானார். அவர் வாழ்ந்த நார்த் பெர்கன் ஊரில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 2005-ல் அவரைப் பற்றி ஓர் ஆங்கிலப் படமும் வந்தது. அதில் பேரை வில்லன் மாதிரி காட்டியிருப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

தாளில் இடம் முடிந்துவிட்டது. ஜோ லூயிஸ் பற்றி அடுத்த இதழில் எழுதச் சொல்லி பி.டி. சார் கேட்டிருக்கிறார். கபடி இறுதிப் போட்டிக்கு மட்டும் என்னிடம் யாரும் கணிப்பு கேட்காதீங்க!

– 11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு