கார்க் நகரத்து மேயர் மக்கர்ட்டன்

சிறை சென்று மீண்ட தேசபக்தர்கள் நகரசபை ஆசனத்தை நாடுவது தகுமா என்னும் வினா, அடிமைப்பட்ட தேசங்கள் பலவற்றில் எழுந்ததேயாகும். தெரு விளக்கையும் சாக்கடையையும் வரியையும் பற்றிப் பேசும் சபையில் வீரனுக்கு என்ன வேலை என்று ஏளனம் செய்வோர் உண்டு. அங்கே போனவன் பதவிச் சுகத்தில் ஆழ்ந்துவிடுவான் என்று அஞ்சுவோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும், அயர்லாந்து தேசத்துக் கார்க் நகரின் மேயராக 50 நாட்களே இருந்து மாண்ட டோமாஸ் மக்கர்ட்டனின் சரிதத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 74 தினங்கள் உபவாசமிருந்து 1920-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி உயிர்நீத்த டெரன்ஸ் மாக்ஸ்வினியின் பெயரை நம்மவர் நன்கறிவர். அவருக்கு முன் அதே ஆசனத்தில் அமர்ந்தவர் இவர்.

மக்கர்ட்டன் 1884-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி கார்க் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே நகரத்துக்கு வந்து கல்வி கற்றுக் குமாஸ்தா வேலையில் அமர்ந்தார். தேசத் தொண்டில் அவர் முதலிற் புகுந்த வாயில் தாய்மொழியே. 1901-ல் கேலிக் சங்கத்திற் சேர்ந்தார்; ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் நலிந்திருந்த ஐரிஷ் பாஷையைப் பிறருக்குப் போதித்தார். அச்சங்கத்திலே சந்தித்த எய்லீஷ் என்னும் மாதரசியை 1908-ல் மணந்தார். பின்னர் பிளாக்பூல் என்னும் பேட்டையிலே வியாபாரம் நடத்தி, கடைக்கு மேலுள்ள வீட்டில் குடும்பத்துடன் வசித்து வந்தார்.

1913-ல் ஐரிஷ் தொண்டர் படை தோன்றியது. கார்க் படைக்கு மக்கர்ட்டன் தலைவரானார்; மாக்ஸ்வினி அவருக்கு உறுதுணையாக நின்றார். 1916-ம் வருஷம் ஈஸ்டர் வாரத்தில் டப்ளினிலே புரட்சி வெடித்தபோது, அங்கிருந்து கார்க்குக்கு ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள் வந்து சேர்ந்தன. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்றறியாமல் தலைவர்கள் தவித்தனர். இராணுவத்தார் நகரைச் சூழ்ந்து நிற்க, பிஷப்பும் அப்போதைய மேயரும் நடுவே நின்று பேசினர். ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. டப்ளின் வீரர்கள் மடிகையில் கார்க் வாளாவிருந்தது என்னும் பழி மக்கர்ட்டனின் நெஞ்சை நெடுநாள் வாட்டியது. நெருக்கடியில் இளைஞர்களை வீணே பலியிடாமல் காத்ததும் ஒரு தலைவனின் கடமையே என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் சிறை தப்பவில்லை. வேல்ஸ் நாட்டிலுள்ள ப்ரான்கோக் முகாமிலும் ரெடிங் சிறையிலும் வைக்கப்பட்டு, 1916 டிசம்பரில் விடுதலையானார். 1917 ஆரம்பத்தில் மீண்டும் பிடிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வருஷ மத்தியில் திரும்பினார். படையைப் புதிதாக ஒழுங்கு செய்தார்.

1920 ஜனவரியில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் வந்தது. ஸின்பீன் கட்சியின் பலத்தைக் குறைக்க எண்ணியே விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையைச் சர்க்கார் புகுத்தியிருந்தனர். எண்ணம் பலிக்கவில்லை. கார்க் நகரசபை குடியரசுக் கட்சியாரின் வசமாயிற்று. ஜனவரி 30-ந் தேதி மக்கர்ட்டன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டப்ளினில் கூடிய ஐரிஷ் தேசீய சட்டசபைக்கே தாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்று நகரசபையார் தீர்மானித்தனர். அது வெறும் சொல்லன்று. வரி வசூலும் சுகாதாரமும் சாலையும் எவருடைய ஆணையின் கீழ் நடக்கின்றனவோ, அவரே உண்மையில் அரசர். கலகக்காரன் என்று இகழப்பட்டவன் ஜனங்களின் வாக்கினால் நகரத் தலைவனான பின், அவனை இன்னும் கலகக்காரன் என்று உலகத்தின் முன் எவ்வாறு கூறுவது? துப்பாக்கி ஏந்திய தலைவரைக் காட்டிலும் வாக்குப் பெற்ற மேயர் சர்க்காருக்கு அதிகச் சங்கடமானதன் காரணம் இதுவே.

ஆனால் அவர் படைத் தலைமையை விட்டுவிடவில்லை. பகலில் மேயர், இரவில் சேனாபதி என்னும் இரட்டை வாழ்வின் அபாயத்தை நாம் மறைப்பதற்கில்லை. மார்ச் 19-ந் தேதி இரவு கார்க் தெருவொன்றில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மணி நேரத்துக்குள், நள்ளிரவு கடந்து, முகத்திற் கரி பூசிய மனிதர்கள் மேயரின் வீட்டுக் கதவை இடித்தனர். கதவைத் திறந்த மனைவியைத் தடுத்து நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினர். அறையிலிருந்து வெளிவந்தவரைச் சுட்டு வீழ்த்தினர். அன்று அவருக்கு 36 வயது நிரம்பிய பிறந்த நாள்.

மேயரை அவருடைய கட்சியாரே கொன்றனர் என்று அதிகாரிகள் தரப்பில் கதை கட்டப்பட்டது. கார்க் நகரத்து ஜூரிகள் அதனை ஏற்கவில்லை. 90-க்கு மேற்பட்ட சாட்சிகளைப் பிரேத விசாரணையிற் கேட்டபின், ஏப்ரல் 17-ந் தேதி, இக்கொலை போலீஸாரால் நடத்தப்பட்டதென்றும் பிரிட்டிஷ் சர்க்காரின் ஏவலால் நிகழ்ந்ததென்றும் தீர்ப்புரைத்தனர். பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ், ராஜப் பிரதிநிதி லார்டு பிரெஞ்ச் ஆகியோரையும், ஸ்வான்ஸி என்னும் போலீஸ் அதிகாரியையும் கொலைக் குற்றவாளிகளாகப் பெயர் சுட்டினர். ஒரு பேரரசின் பிரதம மந்திரியைச் சாதாரணக் குடிமக்கள் இவ்வாறு குற்றஞ்சாட்டிய துணிவு வியக்கத்தக்கது.

வாக்கும் விசாரணையும் பெற்றுத் தந்த அந்த நியாயத்தின் பக்கத்தில் மற்றொரு காட்சியும் உண்டு. ஆகஸ்ட் 22-ந் தேதி லிஸ்பர்ன் நகரில் ஸ்வான்ஸி சுட்டுக் கொல்லப்பட்டார். பழி தீர்ந்தது என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அதற்குப் பிரதியாக அவ்வூர்க் கத்தோலிக்கரின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. ஒரு குற்றமும் அறியாத குடும்பங்கள் ஊரை விட்டோடின. பழிக்குப் பழி எங்கே சென்று முடிகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மக்கர்ட்டன் வீழ்ந்ததும் அவருடைய ஆசனம் காலியாகக் கிடக்கவில்லை. மாக்ஸ்வினி ஏறினார், அவரும் சிறையில் மாண்டார், மூன்றாமவர் ஏறினார். 1920 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் கார்க் நகர மண்டபத்தையே கொளுத்தினர். மண்டபம் எரிந்தது, நகரசபை அழியவில்லை. ஜனங்களின் வாக்கினால் நிறைந்த ஆசனத்தை ஜனங்களே மறுபடி நிரப்பினர்.

நகரசபைக்குச் செல்லும் தொண்டர்களுக்கு இவ்வாழ்க்கை கூறுவது இதுதான். சிறைவாசம் ஒருவனுக்குப் பெருமை தரலாம். பதவிக்கு உரிமை தருவது வாக்கு ஒன்றே. அவ்வாக்கைப் பெற்றபின் அந்த ஆசனத்தைச் சிறைக்கோட்டத்தினும் கடுமையான கடமை எனக் கொள்பவனே அதற்குத் தகுதியுடையவன்.