நோய்க்கால அச்சமும் பண்டிதர் அயோத்திதாசரும்

1956 நவம்பர் 1 ஆம் நாள் விளவங்கோடு சென்னை இராச்சியத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழருக்குக் கொள்வினையும் கொடுப்பினையும் சந்தையும் களியக்காவிளைக்கு இருபுறமும் நடந்தே வந்தன. 2020 மார்ச் மாத இறுதியில் கொரோனாத் தொற்றின் பொருட்டு ஊரடங்கு வந்து எல்லை அடைபட்டபோது, நோயைக் காட்டிலும் நோயின் அச்சமே நம்மவரை வாட்டியது. அத்தகைய அச்சம் மீண்டும் எழாதிருக்க நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்க்கையாகும்.

பண்டிதர் 1845 மே 20 ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே நன்றியுடன் தமதாக்கிக் கொண்டார். தமிழ் இலக்கியமும் சித்த மருத்துவமும் கற்றுத் தேர்ந்தார். மருத்துவமே அவரது தொழில். சிறுவயதில் முடக்குற்றிருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் பண்டிதரின் சிகிச்சையால் நலம் பெற்றதைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிந்துள்ளார். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காகப் பண்டிதர் 1891 இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார்.

1896 இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய் 1898 இல் பெங்களூரை அடைந்தது. உறுதியான மருந்தில்லாத அக்காலத்தில் மக்கள் வீடுகளைத் துறந்து ஓடினர். அதே 1898 இல் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்ச சீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் பெங்களூர், கோலார் தங்கவயல் முதலிய இடங்களில் எழுந்தன. 1907 முதல் வார ஏட்டின் வாயிலாகத் தம்மத்தைப் பரப்பி, 1914 மே 5 ஆம் நாள் மறைந்தார்.

மருந்து கொடுத்த கையே தம்மத்தையும் கொடுத்தது. இதில் வியப்பில்லை. நோய், நோயின் காரணம், நோயின் நீக்கம், நீக்கும் வழி என்று மருத்துவன் ஆராய்வது போலவே பகவான் புத்தரின் நான்கு வாய்மைகளும் அமைந்துள்ளன. அச்சத்தையும் நாம் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். வைகறையில் அமர்ந்து, உட்செல்லும் மூச்சையும் வெளிவரும் மூச்சையும் கவனிப்போமாக. அச்சம் எழுந்தால், எழுந்தது என்று அறிவோம். தணிந்தால், தணிந்தது என்று அறிவோம். பின்னர் எல்லைக்கு அப்பாலுள்ள உறவினருக்கும், நம்மை வெறுப்போருக்கும் மைத்திரியைச் செலுத்துவோம்.

தியானம் மருந்துக்கு மாற்றன்று. தெளிந்த மனத்தோடு தடுப்பூசி ஏற்பதும், தனித்திருக்கும் நோயாளியின் வாசலில் கஞ்சி வைப்பதும் தம்மமே. நம்பிக்கை என்பது காத்திருத்தல் அன்று, செய்தலாகும்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயரை நாம் நம் ஒழுக்கத்தாலும் தாங்குவோமாக.